மைலுக்கு 45 பென்ஸ்: ஒரு மேசன் வாங்கித் தந்த உரிமை

லண்டனில் ஹரோ பக்கம் எங்கள் ஆட்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். முன்பெல்லாம் பெட்ரோல் செட், மூலைக் கடை, டாக்ஸி என்று வருவார்கள். இப்போது ஜனவரி பிறந்தால் ஈபேயிலும் வின்டட்டிலும் பழைய சாமான் விற்கிறவர்கள்தான் கூட. பகலில் ஒரு வேலை, ஞாயிறு விடியற்காலை கார் பூட் சேல், இரவில் சாப்பாட்டு மேசையில் படம் எடுத்துப் பார்சல் கட்டுதல். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, கார் ஓடினதுக்கு எவ்வளவு எழுதலாம்?"

மைலுக்கு 45 பென்ஸ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் எந்த மைல்? அதைத் தீர்மானித்தவர்கள் வரி அதிகாரிகள் மட்டுமல்ல. ஒரு வழக்கறிஞர், ஒரு மேசன், ஒரு பல் வைத்தியர் என்று மூன்று பேர் கோர்ட்டுப் படி ஏறியதால் தீர்ந்த விஷயம் அது.

அடிப்படை விதி பழையது. 1842ல் ராபர்ட் பீல் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, தொழிலுக்காகவே, தொழிலுக்கு மட்டுமே போன பணத்தைத்தான் லாபத்தில் கழிக்கலாம் என்று எழுதினார்கள். கார் இல்லாத காலம் அது. இன்றைய 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே நிபந்தனைதான் இருக்கிறது.

வாங்கி விற்பதும் இணையத்தோடு பிறந்ததல்ல. முதலாம் உலகப் போர் முடிந்ததும் விமானச் சிறகுக்கு வாங்கிக் குவித்த லினன் துணி அரசாங்கத்தின் கையில் மிஞ்சிக் கிடந்தது. விவசாய இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் 4 கோடியே 40 லட்சம் கெஜத்தை அப்படியே வாங்கினார். துணி வியாபாரத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளம்பரம் போட்டு, சிறு சிறு பங்காகப் பிரித்து விற்றுத் தீர்த்தார். 'மார்ட்டின் எதிர் லோரி' என்று அந்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. வியாபாரம்தான், வரி கட்டு என்று தீர்ப்பு. இன்னொருவர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். சினிமா விஷயமாக பெர்லினுக்குப் போனவர், நொடித்துப்போன ஒரு கம்பெனியிடம் பத்து லட்சம் டாய்லெட் பேப்பர் ரோலை மலிவாக வாங்கி விற்றார். ஒரே கொள்முதல்தான். ஆனாலும் அத்தனை ரோலை வீட்டுப் பாவனைக்கு யாரும் வாங்குவதில்லை. விற்கவே வாங்கினார் என்று 1929ல் ஸ்கொட்லாந்து நீதிமன்றம் அவரையும் வியாபாரி ஆக்கியது. ஈபே இந்த நாட்டுக்கு வந்தது 1999ல்தான். அலுமாரியில் கிடந்த பிள்ளையின் பழைய ஜக்கெட்டை விற்கிறவர் வியாபாரி அல்ல. சாரிட்டி கடையில் ஜக்கெட்டைத் தேடி வாங்கி விற்கிறவர் வியாபாரி என்று நான் இன்று சொல்வதற்கு இந்த இரண்டு பேரும்தான் ஆதாரம்.

சரி, காருக்கு வருவோம். வழக்கறிஞரின் வீடு பெட்ஃபோர்ட்ஷயரில், விப்ஸ்னேட் கிராமத்தில். அலுவலகம் லண்டன் லிங்கன்ஸ் இன்னில். மாலையிலும் வார இறுதியிலும் வீட்டில் இருந்து வழக்குக் கட்டுகளைப் படிப்பார். கோர்ட் விடுமுறைக் காலத்தில் பெரும்பாலும் வீட்டில்தான் வேலை. அப்படியானால் என் வீடும் தொழிலிடம், போய்வரும் செலவைக் கழியுங்கள் என்று கேட்டார். 'நியூசம் எதிர் ராபர்ட்சன்' என்ற அந்த வழக்கில் 1952ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. தொழில் லண்டனில் நடக்கிறது. தூரத்தில் வீடு வைத்துக்கொண்டது அவருடைய வசதி. அந்தப் பயணம் வாழ்க்கைக்கான செலவு, தொழிலுக்கானதல்ல என்பது காரணம். அந்த அமர்வில் இருந்த நீதிபதிகளில் ஒருவர் டென்னிங்.

ஏறக்குறைய இருபது வருடம் கழித்து அதே டென்னிங்கின் முன் ஒரு மேசன் வந்தார். ஈஸ்ட்போர்னில் வீடு. சொந்தக் கணக்கில் செங்கல் கட்டும் வேலை. சராசரியாக மூன்று வாரத்துக்கு ஓரிடம். சில இடங்கள் பக்கத்தில், சில ஐம்பது மைலுக்கும் அப்பால். தன் குழுவில் இருந்த இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வேலைக் கருவிகள் வீட்டில், கணக்குப் புத்தகம் வீட்டில், வேலை பேசி முடிப்பதும் வீட்டில். அன்றைய வரித் திணைக்களமான இன்லண்ட் ரெவன்யூ அவருக்கும் வழக்கறிஞரின் சட்டையைப் போடப் பார்த்தது. 'ஹோர்ட்டன் எதிர் யங்' வழக்கில், 1971ல், நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த மனிதருக்கு நிலையான வேலைத்தலம் என்று ஒன்றில்லை, தொழிலின் தளம் வீடுதான், அங்கிருந்து தலத்துக்குப் போய்வரும் முழுச் செலவும் கழியும் என்றது. சுயதொழில் செய்யும் எளிய மனிதர்களுக்கு இங்கிலாந்து வரிச் சட்டம் தந்த நல்ல தீர்ப்புகளில் இதுவும் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

பல் வைத்தியரின் கதை இதற்கு நேரெதிர். வீட்டிலிருந்து சிகிச்சை நிலையத்துக்குப் போகிற வழியில், வீட்டுக்கு ஒரு மைல் அருகே, செயற்கைப் பல் செய்யும் கூடம். காலையில் நின்று செய்த பல்லை எடுப்பார், மாலையில் நின்று புது வேலையைக் கொடுப்பார். ஆகவே கூடத்திலிருந்து சிகிச்சை நிலையம் வரையான தூரம் தொழில் பயணம் என்று வாதம். 1978ல் அது தோற்றது. நடுவில் நின்றதால் வேலைக்குப் போகிற பயணம் வேறொன்றாக ஆகிவிடாது.

என் மேசைக்கு வருகிறவர்களை நான் இந்த மூவரில் ஒருவராகத்தான் பார்க்கிறேன். வீட்டில் சாமான் வைத்து, வீட்டில் பார்சல் கட்டி, இன்றைக்கு ஒரு சந்தை, நாளைக்கு ஓர் ஏல மண்டபம் என்று அலைகிறவர் மேசனின் வாரிசு. பார்சலை மட்டும் கொண்டுபோய்ப் போட்டுவரும் ஓட்டமும் சேரும். இடம் போதவில்லை என்று சேமிப்பு அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, தினமும் அங்கே போய் உட்கார்ந்து படம் எடுத்துப் பார்சல் கட்டத் தொடங்கினாரானால், வழக்கறிஞரின் பக்கம் சாய்கிறார். அந்தத் தினசரி ஓட்டத்தை எழுத நான் தயங்குவேன். பகல் வேலைக்குப் போகிற வழியில் சாரிட்டி கடையில் இறங்கி ஒரு கமரா வாங்கினேன், அந்த மைலையும் போடுங்கள் என்கிறவர் பல் வைத்தியர். அவரிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

45 பென்ஸ் என்ற எண் இதற்கெல்லாம் பிந்தியது. 1990களில் இருந்த திட்டத்தில் எஞ்சின் பெரிதென்றால் தொகையும் பெரிது. 4,000 மைலைத் தாண்டினால் குறையும். பெரிய காருக்குப் பரிசு கொடுப்பது போன்ற அந்த ஏற்பாட்டை 2002 ஏப்ரலில் எடுத்துவிட்டு, எல்லாக் காருக்கும் முதல் 10,000 மைலுக்கு 40 பென்ஸ், அதற்கு மேல் 25 என்று ஆக்கினார்கள். 2011 ஏப்ரலில் 40 என்பது 45 ஆனது. பெட்ரோலும் இன்சூரன்ஸும் எங்கேயோ போய்விட்டன. அந்த எண் மட்டும் பத்து வருடத்துக்கு மேல் அசையவில்லை. இது முதலில் சம்பளக்காரர்களுக்கு வந்த கணக்கு. சிறு வியாபாரிகளும் பயன்படுத்த வரித் திணைக்களம் இடம் கொடுத்திருந்தது. 2013 ஏப்ரலில்தான் சுயதொழிலுக்கென்று சட்டத்தில் ஏறியது. வருடம் 12,000 மைல் தொழிலுக்கு ஓடினால் 4,500 பவுணும் 500 பவுணும் சேர்த்து 5,000 பவுண் கழியும். பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், காரின் தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். பார்க்கிங் கட்டணமும், பழைய டீசல் வண்டிக்காரர் லண்டனில் புகை மாசுக்காகக் கட்டும் 12.50 பவுண் யூலெஸ் கட்டணமும் தொழில் பயணத்துக்கு என்றால் தனியாக எழுதலாம். அபராதம் எழுத முடியாது. ஒரு காருக்கு இந்த முறையைத் தொடங்கினால் அந்தக் காரைத் தொழிலில் வைத்திருக்கும்வரை மாற்றவும் முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து முதல் 1,000 பவுண் வியாபார வரவுக்கு வரி இல்லை. அந்தச் சலுகையை எடுத்தால் மைல் உட்பட எந்தச் செலவையும் கழிக்க முடியாது. இரண்டில் ஒன்றுதான்.

நல்ல கணக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெண்மணி வைத்திருக்கும் பள்ளிக் கொப்பியைத்தான் உதாரணம் சொல்வேன். ஒரு வரி இப்படி: "செவ்வாய். ஹரோ – கெம்ப்டன் பார்க் சந்தை – ஹரோ. 32 மைல். தையல் மெஷின் 1, பித்தளைக் குத்துவிளக்கு 1. பார்க்கிங் இல்லை." அடுத்த வரி: "சந்தைக்குப் போனேன், ஒன்றும் வாங்கவில்லை." அதையும் கழிக்கலாம், தேடிப் போனதும் தொழில்தான். கையெழுத்து கோணலாக இருக்கும், பேனா நிறம் மாறும், குங்குமக் கறை கூட உண்டு. ஜனவரி 30 இரவில் ஒரே பேனாவால் எழுதி முடித்த பன்னிரண்டு மாதக் கொப்பியும் என்னிடம் வரும். எது எது என்று பார்த்தாலே தெரியும். எனக்குத் தெரிகிறது என்றால் பரிசோதகருக்கும் தெரியும்.

2024 ஜனவரியில் வந்த விதிப்படி, வருடத்தில் 30 பொருளோ, சுமார் 1,700 பவுணுக்கு மேலோ விற்றவர்களின் விபரத்தை விற்பனைத் தளங்களே வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அனுப்புகின்றன. உங்கள் வரவு அவர்களுக்குத் தெரியும். செலவு தெரியாது, அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். திகதி, எங்கிருந்து எங்கே, என்ன காரியம், எத்தனை மைல்: இந்த நாலையும் காரை விட்டு இறங்குமுன் எழுதிவிடுங்கள். கணக்குக் கொடுக்கும் ஜனவரி 31க்குப் பிறகும் ஐந்து வருடம் அந்தக் கொப்பியை எறியாதீர்கள்.