பாய் பேண்ட்: கலைந்த பிறகு

பாய் பேண்ட் என்பது பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இருக்கும் ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பாடி ஆடும் குழு. வாத்தியம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆட்களைப் பொறுக்குபவர் மேனேஜர், பாட்டைத் தருபவர் வேறொருவர், பெயரும் பதிவுகளும் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். பாடுகிறவர் கையில் மிஞ்சுவது குரலும் முகமும்தான். இரண்டுமே வயதோடு மாறக்கூடியவை. மற்றவர்கள் வேலைக்கு மனுப்போடத் தொடங்கும் வயதில் இவர்கள் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்ற அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. தனிப்பாடகராகக் கொடி நாட்டியவர்கள் அதில் சிறுபான்மைதான்.

இந்தத் தொழிலின் கணக்கு ஊரறிய வெளிப்பட்டது ஜாக்சன் சகோதரர்கள் விஷயத்தில். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கேரி என்ற எஃகு ஆலை நகரத்திலிருந்து வந்த ஐந்து அண்ணன் தம்பிகளை மோட்டவுன் கம்பெனி 1969இல் உலகுக்குக் காட்டியது. தாங்களே பாட்டெழுதி இசையமைக்க விடவில்லை என்ற மனக்குறையோடு 1975இல் அவர்கள் எபிக் கம்பெனிக்கு மாறக் கிளம்பினார்கள். 'ஜாக்சன் 5' என்ற பெயர் மோட்டவுனுக்கே சொந்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பன் பாட்டன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்த பெயர். அதையும் விட்டுவிட்டு 'தி ஜாக்சன்ஸ்' ஆனார்கள். ஜெர்மெய்ன் மட்டும் உடன் வரவில்லை. மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டி அவருக்கு மாமனார்.

ஐவரில் கடைக்குட்டியான மைக்கேல், 14 வயதிலேயே 'பென்' என்ற தனிப்பாட்டால் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். எலியைப் பற்றிய படத்துக்கான பாட்டு அது! வளர்ந்த பாடகராக அவரை நிலைநிறுத்தியது, குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் 1979இல் வந்த 'ஆஃப் தி வால்' ஆல்பம். 1982இல் 'த்ரில்லர்' வந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1985இல் நடந்தது. பீட்டில்ஸ் பாடல்களின் உரிமை அடங்கிய ஏடிவி நிறுவனத்தை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு மைக்கேல் வாங்கினார். குழுவின் பெயரைப் பறிகொடுத்த பையன், பாட்டு எவர் பெட்டியில் இருக்கிறதோ அவருக்கே வருமானம் என்பதைப் பத்தே ஆண்டில் கற்றுத் தேர்ந்துவிட்டார்.

அதே காலத்து ஆஸ்மண்ட் சகோதரர்களில் ஒருவரான டானி, 1970களில் பெண்பிள்ளைகளின் அறைச்சுவர்களில் சிரித்த முகம். எண்பதுகளில் அந்த முகமே வினையாயிற்று. 1989இல் அவருடைய 'சோல்ஜர் ஆஃப் லவ்' பாட்டை அமெரிக்க வானொலியில் பாடியவர் பெயரைச் சொல்லாமல் ஒலிபரப்பினார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. யார் குரல் என்று தெரிவதற்குள் பாட்டு ஏறத் தொடங்கி, இரண்டாம் இடம் வரை போனது. பிறகு டானி மேடை நாடகத்துக்குப் போனார், டிஸ்னியின் 'முலான்' படத்தில் பாடினார், தங்கை மேரியோடு லாஸ் வேகாஸ் ஃபிளமிங்கோ ஹோட்டலில் 2008 முதல் 2019 வரை நிகழ்ச்சி நடத்தினார்.

ஓய்வு வயதை விதியாகவே வைத்திருந்த குழு புவேர்ட்டோ ரிக்கோவின் மெனூடோ. எட்கர்டோ தியாஸ் 1977இல் தொடங்கினார். பதினாறை ஒட்டி, குரல் உடைந்து மீசை அரும்பியதும் பையன் வெளியே போவான், அவன் இடத்துக்கு அடுத்த சிறுவன் வருவான். குழு என்றும் இளமையாக இருக்கும், பையன்கள்தான் கிழடாவார்கள். 1984இல் 12 வயதில் சேர்ந்த ரிக்கி மார்ட்டின் 1989இல் வெளியேறினார். உடனே நட்சத்திரமாகிவிடவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நடித்தார், 1996இல் பிராட்வே மேடையில் 'லே மிஸராப்ல' நாடகத்தில் வேடம் கட்டினார். 1998 உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பாடிய பாட்டை மறு ஆண்டு கிராமி விழாவில் மீண்டும் பாடியபோது அரங்கமே எழுந்து நின்றது. அடுத்து வந்ததுதான் 'லிவின் லா விடா லோகா'. அதை டெஸ்மண்ட் சைல்டோடு சேர்ந்து எழுதிய ரோபி ரோசாவும் ஒரு மெனூடோ பையன்தான். ஒரே குழுவிலிருந்து வெளியே வந்த இருவர், ஒருவர் எழுத ஒருவர் பாட, உலகத்தை ஆட வைத்தார்கள்.

பாஸ்டன் நகரத்து நியூ எடிஷன் குழுவினர் முதல் சுற்றுப்பயணம் முடித்து வந்தபோது தலைக்கு 1 டாலர் 87 சென்ட்டுக்குக் காசோலை கிடைத்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். தயாரிப்பாளர் மாரிஸ் ஸ்டாரை விட்டு அவர்கள் விலகியதும், அவர் அதே அச்சில் வெள்ளைக்காரப் பையன்களை வைத்து நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் குழுவை வார்த்தார். நியூ எடிஷனில் பாபி பிரவுனைக் கூட்டாளிகளே வெளியேற்றினார்கள். 1988இல் 'டோன்ட் பி க்ரூயல்' ஆல்பத்தால் அவர் எல்லோரையும் முந்தினார். மீதி இருந்தவர்களில் மூவர் பெல் பிவ் டிவோ என்று தனிக்குழு அமைத்து 1990இல் 'பாய்சன்' கொடுத்தார்கள். நியூ கிட்ஸில் டானி வால்பெர்க் நடிப்புக்குப் போய் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சியில் சில நிமிடங்களே வந்து மனதில் நின்றார். மேடை என்றாலே நடுங்கும் ஜோனதன் நைட் வீடு கட்டும் தொழிலில் இறங்கினார். பழைய பண்ணை வீடுகளைப் பழுதுபார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை 2021இல் தொடங்கி நடத்தினார்.

பிரிட்டனில் இந்த வரலாற்றின் நடுநாயகம் மான்செஸ்டரின் டேக் தட். 1990இல் மேனேஜர் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் குழுவைக் கூட்டியபோது கேரி பார்லோதான் மையம். கிளப்களில் வாசித்துப் பழகியவர், பாட்டெழுதத் தெரிந்தவர். மற்ற நால்வரும் அவரைச் சுற்றி வைக்கப்பட்டவர்கள். 1995 ஜூனில் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவில் ஓயசிஸ் குழுவினரோடு கும்மாளமிட்ட கடைசிப் பையன் ராபி வில்லியம்ஸ் அடுத்த மாதமே வெளியேற்றப்பட்டார். 1996 பிப்ரவரி 13 அன்று மீதி நால்வரும் கலைவதாக அறிவித்தார்கள். அழுகிற ரசிகைகளுக்கு ஆறுதல் சொல்லத் தொலைபேசி உதவி எண்கள் வைக்க வேண்டியிருந்தது.

யார் ஜெயிப்பார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பார்லோவின் முதல் தனிப்பாட்டும் முதல் ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம். ராபியோ ஜார்ஜ் மைக்கேலின் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடித் தொடங்கினார். தேர்வு சும்மா நடந்ததல்ல. வாம் இரட்டையர் குழுவை 1986இல் வெம்பிளியில் முடித்துக்கொண்ட ஜார்ஜ் மைக்கேல், பழைய அழகுப் பையன் பிம்பத்தை உதறுவதற்காக 1990இல் பாடிய பாட்டு அது. அதன் வீடியோவில் அவர் முகத்தையே காட்டவில்லை. அவர் போட்டுப் புகழ்பெற்ற தோல் ஜாக்கெட் தீப்பற்றி எரியும்.

ராபியின் முதல் ஆல்பம் 1997இல் வந்த வேகத்தில் படுத்தது. டிசம்பரில் 'ஏஞ்சல்ஸ்' வெளியானது. பட்டியலில் நான்காம் இடத்தைத் தாண்டாத பாட்டு, ஆனால் இறங்கவும் மறுத்தது. படுத்த ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போய் முதலிடத்தில் வைத்தது. 2002இல் இஎம்ஐ கம்பெனியோடு 8 கோடி பவுண்டு ஒப்பந்தம், 2003 ஆகஸ்டில் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று இரவுகளில் 3,75,000 பேர். பார்லோவின் இரண்டாம் ஆல்பம் 1999இல் கவிழ்ந்து, கம்பெனி அவரைக் கைவிட்டது. வீட்டுக்குள் முடங்கினார், உடல் பெருத்தது, உண்பதும் வாந்தியெடுப்பதுமாக நாட்கள் போயின என்று அவரே பிறகு எழுதினார். பிறருக்குப் பாட்டெழுதிக் காலம் தள்ளினார். குழுவின் மற்றவர்களில் மார்க் ஓவன் பிரபலங்களுக்கான 'பிக் பிரதர்' போட்டியில் 2002இல் வென்றார். ஹோவர்ட் டொனால்ட் டிஜே ஆனார்.

அதோடு கதை முடிந்திருந்தால் இது ஏறியவன் இறங்கியவன் கதை. 2005இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் அவர்களைத் திரும்ப ஒன்றுசேர்த்தது. ராபி நேரில் வரவில்லை, பதிவு செய்த பேச்சு மட்டும் வந்தது. மறு ஆண்டு நால்வராகப் பயணம் கிளம்பி 'பேஷன்ஸ்' பாட்டால் முதலிடம் பிடித்தார்கள். 2010இல் ராபியும் திரும்பி வந்து ஓர் ஆல்பம் பாடிவிட்டுப் போனார். அப்போது மற்றவர்களுக்கு அவரும், அவருக்கு மற்றவர்களும் தேவைப்பட்டார்கள். நால்வரில் இன்னொருவரான ஜேசன் ஆரஞ்ச் 2014இல் விலகினார். எந்த மேடையிலும் அவரை அதன் பிறகு பார்க்க முடியவில்லை. புகழிலிருந்து இவ்வளவு சுத்தமாகக் கழன்றுகொண்டவர் இந்த வரலாற்றில் அபூர்வம்.

அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழுவில் முன்னின்று பாடிய ஷேன் ஃபிலன் பணத்தை வீட்டுமனைத் தொழிலில் போட்டார். சந்தை சரிந்து 2012இல் திவாலானார். மறு ஆண்டே தனி ஆல்பத்தோடு வந்ததில் கலைத்தாகம் எவ்வளவு, கடன்பாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

அமெரிக்காவில் ஆர்லண்டோ நகரம் தொண்ணூறுகளில் பாய் பேண்ட் பட்டறையாக இருந்தது. பட்டறைக்காரர் லூ பெர்ல்மன். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் ஒப்பந்தத்தில் குழுவின் ஆறாவது உறுப்பினராகத் தன்னையே எழுதிக்கொண்டு பங்கு வாங்கிய ஆள். என்சிங்க் பையன்கள் சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஆவலோடு உறையைப் பிரித்தபோது தலைக்குப் பத்தாயிரம் டாலர்தான் இருந்தது என்று அவர்களில் ஒருவரான லான்ஸ் பாஸ் சொல்லியிருக்கிறார். வழக்காடி வெளியேறிய அவர்களுடைய ஆல்பம் 2000 மார்ச்சில் முதல் வாரத்திலேயே 24 லட்சம் பிரதி விற்றது. பெர்ல்மன் பல கோடி டாலர் முதலீட்டு மோசடியில் 2008இல் 25 ஆண்டு தண்டனை பெற்று, 2016இல் சிறையில் இறந்தார்.

என்சிங்கின் ஜஸ்டின் டிம்பர்லேக் 2002 நவம்பரில் 'ஜஸ்டிஃபைட்' ஆல்பத்தோடு தனியே பறந்தார். அதே ஆண்டு லான்ஸ் பாஸ் நிஜமாகவே பறக்கப் பார்த்தார். மாஸ்கோ அருகே ஸ்டார் சிட்டியில் பல மாதம் விண்வெளிப் பயிற்சி எடுத்தார். விளம்பரதாரர்கள் பணம் கட்டவில்லை. அக்டோபரில் சோயூஸ் கலம் அவர் இல்லாமலே கிளம்பியது. அவர்கள் கூட்டாளி ஜோயி ஃபடோன் படங்களில் நடித்து, பிராட்வேயில் பாடி, 2016இல் ஆர்லண்டோவில் ஹாட் டாக் கடை போட்டார். கடையின் பெயர் 'ஃபேட் ஒன்ஸ்': சொந்தக் குடும்பப் பெயரை உடைத்துச் செய்த கேலி.

ஒன் டைரக்‌ஷன் 2010இல் லண்டன் தொலைக்காட்சிப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற ஐவர். 2015 மார்ச்சில் ஸெய்ன் பயணத்தின் நடுவிலேயே கிளம்பினார். மறு ஆண்டு தொடக்கத்தில் மற்றவர்கள் 'இடைவெளி' எடுத்தார்கள். ஹாரி ஸ்டைல்ஸ் கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கர்க்' படத்தில் நடித்தார், 2023இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார். நயல் ஹோரன் பாட்டோடு கோல்ஃப் வீரர்களுக்கான மேலாண்மை நிறுவனமும் நடத்தினார். லியாம் பெய்ன் 2024 அக்டோபரில் புவனோஸ் ஐரிஸில் 31 வயதில் இறந்தார்.

கொரியாவில் வேறொரு வழி திறந்தது. 1992 முதல் 1996 வரை கொடிகட்டிப் பறந்த சோ தைஜி அண்ட் பாய்ஸ் மூவரில், முன்னால் நின்றவர் சோ தைஜி. பின்னால் நின்று ஆடிய யாங் ஹியுன்-சுக் குழு கலைந்ததும் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதுதான் ஒய்ஜி; பிக் பேங்கும் பிளாக்பிங்கும் அங்கே உருவானவை. 2009இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்; அதே ஆண்டு அரசின் மாதிரி ஒப்பந்தம் காலத்தை ஏழாண்டாகச் சுருக்கியது. வழக்குக்குப் பின் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளின் கதவு மூடிக்கொள்ள, மூவரில் ஜுன்சு இசை நாடக மேடையைப் பிடித்துக்கொண்டார். பிடிஎஸ் எழுவர் இன்னும் சாமர்த்தியம்: குழுவைக் கலைக்காமலே 2022இல் தனிப்பாட்டுக்குப் போய், ராணுவச் சேவையையும் முடித்துவிட்டு 2025இல் ஒன்றுகூடினார்கள்.

இந்தியாவின் எ பேண்ட் ஆஃப் பாய்ஸ் 2001இல் தொடங்கிய மும்பைக் குழு. அதிலிருந்த சுதான்ஷு பாண்டேயைத் தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும், பாடகராக அல்ல: 'பில்லா 2' படத்தில் அஜித்தை எதிர்த்து நின்ற அப்பாஸி அவர்தான். 2003இல் வந்த ஷங்கரின் 'பாய்ஸ்' படக்கதையும் இப்படியொரு குழுவைப் பற்றியது. படத்துக்காகச் சேர்ந்த பையன்களில் சித்தார்த், பரத், நகுல் நடிகர்களாகத் தொடர, டிரம்ஸ் வாசித்த தமன் மட்டும் நிஜத்தில் இசையமைப்பாளர் ஆனார்.

எல்லோரையும்விடத் தூரம் போனவர் ஜப்பானின் மோரி கட்சுயுகி. ஸ்மேப் என்ற அறுவர் குழு உச்சத்தில் இருந்த 1996இல், 22 வயதில், பைக் பந்தயம் ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினார். ஆட்டோ ரேஸ் எனப்படும் அது, யார் ஜெயிப்பார் என்று பார்வையாளர்கள் பணம் கட்டும் பந்தயம். பைக்குக்குப் பிரேக் கிடையாது. எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டியிருப்பதால் கைப்பிடியின் இடமுனை மேலே தூக்கி வளைந்திருக்கும். மோரியின் முகம் ஸ்மேப்பின் பழைய காட்சிகளிலிருந்து நெடுங்காலம் மறைந்தே போயிற்று. 2014இல் ஒரு நீண்ட தொலைக்காட்சி நேரலையில் அவர் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டபோது பழைய கூட்டாளிகள் கண்கலங்கினார்கள். 2016 டிசம்பர் 31 அன்று ஸ்மேப் கலைந்தது. மோரி 2020 நவம்பரில், 46 வயதில், பந்தயத்தின் ஜப்பான் சாம்பியன் பட்டம் வென்றார். மூன்று மாதம் முடிவதற்குள் ஓடுதளத்தில் விழுந்து படுகாயமடைந்தார். 2023 ஏப்ரலில் மறுபடி பிரேக் இல்லாத பைக்கில் ஏறினார்.