மூன்றாவது அடைமொழி: கிளெமென்டைன் சர்ச்சிலின் போர்க்காலப் பொதுவாழ்வு

1940 ஜூன் 27 தேதியிட்டுக் கணவரும் பிரிட்டிஷ் பிரதமருமான வின்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் கிளெமென்டைன் சர்ச்சில் தன் பெயருக்கு முன் மூன்று அடைமொழிகளை வைக்கிறார்: அன்புள்ளவள், பற்றுள்ளவள், விழிப்புள்ளவள். கூடவே ஒரு பூனைப் படம். முதல் இரண்டையும் எந்த மனைவியும் எழுதலாம். மூன்றாவது அப்படிப்பட்டதல்ல.

மகள் மேரி சோம்ஸ் 1979இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அமெரிக்காவில் 'ஒரு திருமணத்தின் வரலாறு' என்ற துணைத்தலைப்போடு வந்தது. 1998இல் பெற்றோரின் கடிதங்களைத் தொகுத்துத் தந்தவரும் அவரே. அந்த உழைப்பு இல்லையேல் இப்படி ஒரு கட்டுரைக்கே இடமில்லை. ஆனால் வின்ஸ்டனுக்கே முதலிடம் தந்த வாழ்வு என்ற அவருடைய பார்வையில், கிளெமென்டைனின் பொதுப்பணி இல்லறத்தின் கிளையாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கடிதமும் அன்பு மனைவியின் துணிச்சலாகவே நின்றுவிடுகிறது.

கடிதம் சொல்வது வேறு. பிரதமரைச் சுற்றியுள்ளவர்களில் ஒருவர், பெயர் சொல்லப்படாத நண்பர், கிளெமென்டைனிடம் முறையிட்டிருக்கிறார். வின்ஸ்டனின் முரட்டுத்தனமும் ஏளனமும் சக ஊழியர்களை விலக்குகின்றன. கூட்டங்களில் இனி நல்ல யோசனையோ கெட்டதோ எதுவும் வராது. வேறு வழியில் மேலே போக முடியாத புகார் இந்த வழியில் போகிறது. மன்னர், கான்டர்பரி பேராயர், அவைத் தலைவர் ஆகிய மூவரைத் தவிர யாரையும் நீக்கும் அதிகாரம் வின்ஸ்டனுக்கு உண்டு என்றும், அதனாலேயே கனிவும் நிதானமும் வேண்டும் என்றும் கிளெமென்டைன் எழுதுகிறார். வீட்டுக் கண்டிப்பில் அவைத் தலைவருக்கு என்ன வேலை? இது அதிகாரத்தின் அளவைக் கணக்கிட்டு எழுதிய எழுத்து. ஒரே கடிதத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றத்தான் வேண்டும், அந்த ஆண்டில் இருவருக்கும் இடையே எழுதப்பட்டவற்றில் மிஞ்சியது இது ஒன்றே.

தேதியில் ஒரு முடிச்சு உண்டு. சென்ற ஞாயிறு பிரதமரின் நாட்டுப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் எழுதிக் கிழித்துப் போட்டதாகப் பின்குறிப்பு சொல்கிறது. 27ஆம் தேதி வியாழன். அப்படியானால் அந்த ஞாயிறு 23ஆம் தேதி, ஜெர்மனியோடு பிரான்ஸ் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்த மறுநாள். கிழிந்த பிரதியில் இதே சொற்கள் இருந்தனவா, புகார் அந்த வார இறுதியின் பதற்றத்தில் பிறந்ததா அதற்கும் முந்தியதா என்பதை இந்தக் குறிப்பைக் கொண்டு தீர்க்க முடியாது.

சோம்ஸின் பார்வையை 1915ஆம் ஆண்டே தடுமாற வைக்கிறது. அந்த ஆண்டுதான் வின்ஸ்டன் கடற்படைப் பொறுப்பை இழந்தார். அதே ஆண்டில் கிளெமென்டைன் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வடக்கு லண்டனின் ஆயுதத் தொழிலாளர்களுக்கு உணவகங்கள் அமைக்கத் தொடங்கினார். 1918இல் அதற்காக விருதும் பெற்றார். நிழலாக நடந்தவர் என்றால், கணவர் சரிந்த நேரத்தில் எப்படி எழுந்தார்?

1940 குளிர்காலத்தில் வான்தாக்குதல் புகலிடங்களுக்கு நேரில் போய், ஈரம், குளிர், படுக்கை, கழிப்பறை பற்றிப் பிரதமருக்குக் குறிப்புகள் அனுப்பினார். 1941 அக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரஷ்ய உதவி நிதிக்குத் தலைமையேற்றார். தொழிலாளர்களின் வாரம் ஒரு பென்னியும் சேர்ந்து அது 70 லட்சம் பவுண்டைத் தாண்டியது. மக்கள் அதைத் 'திருமதி சர்ச்சில் நிதி' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் கணவரால் வந்ததுதான். இவ்வளவில் சோம்ஸ் சொல்வது சரி.

ஆனால் 1945 வசந்தத்தில் அந்த நிதியின் பணிகளைப் பார்க்க லெனின்கிராட், ஸ்டாலின்கிராட், ரஸ்தோவ் என்று சுற்றியவர், மே 8 அன்று லண்டனில் இல்லை. கணவரின் வெற்றி உரையை மாஸ்கோவின் பிரிட்டிஷ் தூதரகத்தில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார்.