அடிப்படை வசதிக்கு மேல்விலை: மென்பொருள் சந்தாவில் நகரும் எல்லைக்கோடு

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் துணைப்பாட நிலையம், மருந்தகம், முடிதிருத்தகம் போன்ற சிறு தொழில்களில் கணக்கு, சம்பளம், முன்பதிவு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை இன்று பெரும்பாலும் மாதச் சந்தா மென்பொருளில் நடக்கின்றன. அந்த மென்பொருள்களின் விலைப்பட்டியல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் மலிவான திட்டம், வலப்பக்கம் போகப்போக விலை ஏறும், கடைசித் திட்டத்தில் விலைக்குப் பதிலாக விற்பனைப் பிரிவை அழைக்கச் சொல்லும் ஒரு வரி. யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவு, ஊழியருக்கு ஊழியர் வேறுபடும் அனுமதி, ஒரே நிறுவனக் கணக்கால் எல்லாவற்றிலும் நுழையும் சிங்கிள் சைன்-ஆன், சேர்த்துவைத்த தரவை முழுமையாக வெளியே எடுக்கும் வழி ஆகியவை பல பட்டியல்களில் வலப்பக்கத்தில்தான் இருக்கும்.

இது எப்படி வழக்கமாயிற்று, சிங்கப்பூர்ச் சட்டத்தோடு இது எங்கே முரண்படுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அடிப்படை எது, கூடுதல் எது என்ற கோட்டைச் செலவு தீர்மானித்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சந்தா முறை வந்தபின், அந்தக் கோட்டை விற்ற பிறகும் நகர்த்தும் உரிமை விற்பவர் கைக்குப் போனது. தரவைக் காக்கும் பொறுப்பையோ சட்டம் வாங்கியவர் தலையில் வைத்திருக்கிறது.

கூரையில்லாத பெட்டி

இந்த உத்தி கணினிக்கு முந்தையது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் 1849இலேயே இதை விளக்கினார். அக்கால ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போடும் செலவு பெரிதல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு தரக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே காரணம் என்று அவர் கண்டார். ஏழையை நனைப்பது நோக்கமல்ல, வசதியுள்ளவரை அச்சுறுத்துவதே நோக்கம். நனைந்தது என்னவோ ஏழைதான்.

கணினித் துறையில் இதற்கு நல்ல சான்றுகள் 1990களில் கிடைக்கின்றன. ஐபிஎம் நிறுவனம் நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சிடும் லேசர் அச்சுப்பொறியை விற்றது. அதோடு 5 பக்கம் மட்டும் அச்சிடும் மலிவான 'இ' வகையையும் 1990இல் விற்றது. மலிவான வகையில் வேகத்தைக் குறைக்கவென்றே சில்லுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அதாவது, குறைந்த விலைப் பொருளைச் செய்யவே கூடுதல் செலவு. இன்டெல் 1991இல் வெளியிட்ட 486 எஸ்எக்ஸ் சில்லு இன்னும் வேடிக்கையானது. முழுச் சில்லுக்குள் இருந்த கணிதப் பகுதியைச் செயலிழக்கச் செய்து அதை விற்றார்கள். கணிதப் பகுதி வேண்டும் என்று பிறகு 487 எஸ்எக்ஸ் வாங்கிச் செருகியவருக்குக் கிடைத்தது உண்மையில் ஒரு முழு 486 சில்லு. அது பழைய சில்லை ஓரங்கட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது.

மென்பொருளில் சில்லைச் சேர்க்கும் செலவுகூட இல்லை. 1996இல் விண்டோஸ் என்டி 4.0 வந்தபோது, மலிவான 'ஒர்க்ஸ்டேஷன்' பதிப்புக்கும் விலை கூடிய 'சர்வர்' பதிப்புக்கும் அடித்தளம் ஒன்றே என்பதை மார்க் ரஸினோவிச் போன்றோர் பிரித்துக் காட்டினர். தன்னை எந்தப் பதிப்பாக நடத்திக்கொள்வது என்பதைக் கணினியே ரெஜிஸ்ட்ரியில் உள்ள அமைப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தது.

அதே 1996இல் பொருளியலாளர்கள் ரேமண்ட் டெனெக்கெரே, பிரஸ்டன் மெக்காஃபி இருவரும் இத்தகையவற்றைச் 'சேதப்படுத்திய சரக்கு' என்ற தலைப்பில் ஆராய்ந்தனர். அவர்கள் முடிவு ஒருதலையானதல்ல. சில சூழல்களில் இந்த ஏற்பாட்டால் விற்பவர், பணக்கார வாடிக்கையாளர், எளிய வாடிக்கையாளர் மூவருமே பயன்பெறலாம் என்று காட்டினர். மலிவுப் பதிப்பு இல்லாவிட்டால் எளியவருக்கு எதுவுமே கிட்டாமல் போயிருக்கலாம். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது வாங்கும் நேரத்தில் பொருள் முழுவதும் கண்முன் இருக்கும் சந்தைக்கே பொருந்தும். மெதுவான அச்சுப்பொறி வாங்கியவருக்கு அது மெதுவானது என்று தெரியும். அடுத்த ஆண்டு அது இரண்டு பக்கமாகக் குறையப்போவதில்லை.

வாங்கியபின் நகரும் கோடு

மென்பொருளை இணையவழிச் சந்தாவாக விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் தொடங்கப்பட்டது. அடோபி 2013இல் தன் படைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தரப்போவதாக அறிவித்தது. இந்த இடைவெளிக்குள் மென்பொருள் வாங்கும் பொருள் என்ற நிலையிலிருந்து வாடகைப் பொருளாக மாறியது. கூகல் தன் அலுவலகச் சேவையைச் சிறு குழுக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்து, 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. லாஸ்ட்பாஸ் 2021 மார்ச்சில் இலவசப் பயனீட்டாளர்களிடம் கணினியா, கைப்பேசியா, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மறைச்சொல் பெட்டகம் ஒரே வகைக் கருவியில்தான் திறக்கும் என்றால் அது பாதிப் பெட்டகம்தான். அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக் 2022 செப்டம்பர் முதல் இலவசத் திட்டத்தில் 90 நாள் செய்திகளை மட்டும் காட்டியது. 2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை அழிக்கவும் தொடங்கியது.

இவை இலவசச் சேவைகள்தானே, குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நிறுவனத்தின் நினைவு முழுவதும் உள்ளே போனபிறகு கோடு நகரும்போது, பயனீட்டாளர் விலையை ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிலையில் இல்லை. மாறிச்செல்லும் செலவை அஞ்சியே முடிவெடுக்கிறார்.

பாதுகாப்பும் விற்பனைக்கு

இந்த வரலாற்றின் கனமான பகுதி இதுதான். நோய்த்தொற்று முறியடிப்புத் திட்டத்தின் தொடக்கத்தில், 2020 ஏப்ரலில், சிங்கப்பூர் மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்றபோது ஸூம் வகுப்புகளில் அந்நியர் புகுந்தனர். கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகே மீண்டும் அனுமதித்தது. அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையான மறையாக்கம் கட்டணப் பயனீட்டாளர்களுக்கு மட்டுமே என்று ஸூம் தலைமை நிர்வாகி எரிக் யுவான் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. இரண்டே வாரத்தில் இலவசப் பயனீட்டாளர்களுக்கும் உண்டு என்று நிறுவனம் அறிவித்தது. டுவிட்டர் 2023 மார்ச்சில் குறுஞ்செய்திவழி இருகட்டச் சரிபார்ப்பைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. குறுஞ்செய்தி முறை பலவீனமானது என்று காரணம் சொல்லப்பட்டது. பலவீனமானதற்கு எதற்குக் காசு என்ற கேள்விக்கு விடையில்லை.

அதே 2023இல் மைக்ரோசாஃப்ட் விவகாரம் வெளிவந்தது. ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட, சீனாவுடன் தொடர்புபடுத்தப்படும் ஊடுருவல் குழு ஒன்று, சுமார் 22 அமைப்புகளின் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல்களுக்குள் நுழைந்தது. அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஜீனா ரைமாண்டோவின் அஞ்சற்பெட்டியும் தப்பவில்லை. ஜூன் மாதத்தில் முதலில் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. எந்த அஞ்சலை எப்போது எந்தச் செயலி திறந்தது என்று குறிக்கும் விரிவான பதிவு அவர்களிடம் இருந்தது. காரணம், அவர்கள் உயர்விலை உரிமத்தை வாங்கியிருந்தனர். அந்த உரிமம் இல்லாத வாடிக்கையாளர்களிடம் அந்தப் பதிவு இல்லை. கண்டனம் வலுத்ததும், ஜூலை 19 அன்று, அந்தப் பதிவுகளில் பலவற்றைக் கூடுதல் கட்டணமின்றித் தருவதாகவும், 90 நாள் சேமிப்பை 180 நாளாக்குவதாகவும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தந்தால் நிறுவனம் நொடிந்துபோகும் அளவுக்கு அதன் செலவு இருக்கவில்லை என்பதற்கு இந்த அறிவிப்பே சாட்சி.

சட்டம் யாரைக் கேட்கிறது?

இனி புக்கிட் பாஞ்சாங்கின் துணைப்பாட நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பிள்ளைகளின் பெயர், பள்ளி, பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் அதன் முன்பதிவு மென்பொருளில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமை அந்த நிலையத்துக்கு உண்டு. தன் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டாலும் அந்தக் கடமை குறையாது. 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தாலோ, கசிவால் பெருந்தீங்கு நேரும் என்றாலோ, அப்படி மதிப்பிட்ட மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் வெள்ளி. 2022 அக்டோபர் முதல் பெரிய நிறுவனங்களுக்கு உள்நாட்டு ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம். சிங்ஹெல்த் அமைப்பில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடப்பட்ட வழக்கில், 2019இல் சம்பந்தப்பட்ட இரண்டு அமைப்புகளுக்கும் சேர்த்து விதிக்கப்பட்டதே 10 லட்சம் வெள்ளிதான்.

கசிந்தது 40 பேரின் தரவா, 600 பேரின் தரவா என்று நிலையம் எப்படிச் சொல்லும்? நுழைவுப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அது வலப்பக்கத் திட்டத்தில் இருக்கிறது. சட்டம் கடமையாக்கியதை நிறைவேற்றத் தேவையான கருவியை ஆடம்பரம் என்று விலைப்பட்டியல் வகைப்படுத்துகிறது.

அரசாங்கமும் இங்கே வாங்குபவரே. சிறு நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள் வாங்கும் செலவில், உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் 2018இல் 70 விழுக்காடு வரை ஏற்றது. 2023 ஏப்ரல் முதல் 50 விழுக்காடு வரை ஏற்கிறது. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரியும் உண்டு. பதிவு செய்யாத சிறு கடைக்காரர் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே மேல்திட்டத்துக்கு ஏறினால், ஏறிய விலைக்கும் 9 விழுக்காடு வரி.

கோடு கீழிறங்கிய கதை

எல்லாமே மேலேறித்தான் போயின என்பதில்லை. கணினியில் தமிழ் ஒருகாலத்தில் தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய வசதி. 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சலும், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியனும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் மாறியதால் ஒருவர் எழுதியது அடுத்தவர் கணினியில் குப்பையாகத் தெரிந்தது. யூனிகோட் பொதுத்தரமாகி, விண்டோஸ் 2000 தமிழைத் தன்னுள் ஏற்றது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைக் கைப்பேசியோடே கொடுத்தது. நிறுவனங்களின் தாராள மனம் மட்டும் இதற்குக் காரணமல்ல. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு போன்ற கூட்டு முயற்சிகள் பொதுத்தரத்தை வற்புறுத்தின. தரம் உறுதியானபின் அதைத் தராத கணினிதான் குறையுள்ளதாகத் தெரிந்தது.

மின்விலைச்சீட்டும் இப்போது அந்த வழியில் போகிறது. 2019இல் தொடங்கிய இன்வாய்ஸ்நவ் கட்டமைப்பு, பொருள் சேவை வரிக்குத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் புதிய நிறுவனங்களுக்கு 2025 நவம்பரிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகிறது. ஒரு வசதியைச் சட்டம் அடிப்படை என்று பெயர்சொல்லி அறிவித்தபின், அதை உச்சவிலைத் திட்டத்துக்குள் பூட்டிவைப்பது எந்த விற்பனையாளருக்கும் எளிதல்ல.

அதையே பாதுகாப்புக்கும் செய்ய வேண்டும். இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் தொடங்கிய சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ், சிறு நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அதற்கு உதவும் நுழைவுப் பதிவு, இருகட்டச் சரிபார்ப்பு, தரவை முழுமையாக வெளியே எடுக்கும் வழி ஆகியவற்றைத் தன் மிக மலிவான கட்டணத் திட்டத்திலேயே தரும் மென்பொருளுக்கு மட்டுமே பொதுப்பணத்தில் மானியம் கிடைக்க வேண்டும். சந்தா நடக்கும் காலத்தில் அவற்றை மேல்திட்டத்துக்கு மாற்றும் விற்பனையாளர் மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும்.