வீட்டில் கிற்றார் ஒலிப்பதிவு: ஒலிவாங்கியா, பிக்கப்பா?

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலியும் பாட்டும் கேட்ட காலம் அது. எங்கள் வீட்டில் அப்படி ஓடிய கசற்றுகளில் ஒன்று கடையில் வாங்கியதல்ல. மின்சாரம் இருந்த நாட்களில் சித்தப்பா தானே கிற்றார் வாசித்துப் பதிந்தது. சுற்றுபவர் களைத்தால் கிற்றாரின் சுருதி இறங்கும், சித்தப்பா சிரிப்பார். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் வெளிக்கிட்டபோது அந்தக் கசற் அலுமாரிக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. சித்தப்பா வன்னியில் தங்கிவிட்டார். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

அந்தக் கசற்றில் இருந்த மெட்டு ஒன்று இப்போது அப்பாவின் விரல்களில் மட்டுந்தான் இருக்கிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இடக்கை மோதிர விரல், செல் துண்டு பட்ட நாளிலிருந்து முழுதாக மடங்காது. இன்னும் எத்தனை வருடம் வாசிப்பார் என்று தெரியாத நிலையில்தான் அதைப் பதிந்துவைக்கத் தொடங்கினேன். அந்த வேலையில் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஸ்ரூடியோ வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் சுலபமான வழியைத்தான் பிடித்தேன். அப்பாவின் இப்போதைய கிற்றாரில் பிக்கப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு வயரைச் செருகினால் போதும். நாய் குரைத்தாலும் பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினாலும் பதிவில் விழாது. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது ஆரோ வேற ஆள் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார்.

அம்மா சொன்னது சரி. காரணம் பிக்கப் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. கம்பிகள் அமர்ந்திருக்கும் வெள்ளை எலும்புத் துண்டுக்கு அடியில் மெல்லிய கீற்றாக வைக்கப்படுவது பியஸோ பிக்கப். சில பளிங்குகளை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். அடுப்பு மூட்டும் காஸ் லைற்றரில் பொறி பறப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆக, பியஸோ கேட்பது கம்பி மரத்தை அழுத்தும் அழுத்தத்தை. நாங்கள் கிற்றாரின் ஓசை என்று அறிந்திருப்பதோ மேற்பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளி, உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து அசைந்து, அறைச் சுவரில் பட்டு எங்கள் காதுக்கு வருவது. அந்தப் பயணம் முழுவதையும் பிக்கப் தவறவிடுகிறது. பலமாக மீட்டும்போது அதில் பிளாஸ்ரிக் தட்டியதுபோன்ற ஒரு வறட்சி வருவது அதனால்தான்.

இரண்டாவது பிழை என்னுடையது. பியஸோவின் வயரை மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையில் நேரடியாகச் செருகியிருந்தேன். பியஸோவுக்கு மிக உயர்ந்த மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும். குறைந்தது 1 மெகாஓம். இல்லாவிட்டால் கீழ்ச்சுரங்கள் கரைந்துபோய்த் தகர ஓசைதான் மிஞ்சும். கிற்றாருக்குள்ளேயே 9 வோல்ற் பற்றரியில் ஓடும் சிறிய முன்பெருக்கி இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தப் பற்றரி பலவீனமானால் ஓசை கரகரக்கும். எங்களுடையது செத்தே போயிருந்தது. கணினிக்கும் கிற்றாருக்கும் நடுவில் வைக்கும் ஓடியோ இன்ரஃபேஸ் என்ற சிறு பெட்டியில் வாத்தியத்துக்கென்று ஓர் ஆளி இருக்கும். அதை அழுத்தினால் உள்ளீட்டின் மின்தடை உயர்ந்துவிடும்.

பிக்கப்பில் வேறு வகைகளும் உண்டு. வட்டத் துளையில் பொருத்தும் காந்தப் பிக்கப் இரும்புக் கம்பிகளுக்கு மட்டுமே. நைலோன் நரம்பு போட்ட கிற்றாரில் அது ஊமை. மேற்பலகையில் ஒட்டும் வகை மரத்தின் அதிர்வைப் பிடிக்கும், கை உரசுவதையும் சேர்த்துப் பிடிக்கும். மேடையில், கோயில் திருவிழாவில், பெரிய ஒலிபெருக்கிக்கு முன்னால் என்றால் நான் பிக்கப்பைத்தான் சொல்வேன். அங்கே ஒலிவாங்கி வைத்தால் கூவும். வீட்டில் ஓர் ஆளைப் பதிவதென்றால் ஒலிவாங்கிதான்.

எந்த ஒலிவாங்கி என்று எல்லாரும் கேட்கிறார்கள். கண்டென்சர் வகை நுணுக்கமானது. இன்ரஃபேஸிலிருந்து 48 வோல்ற் மின்சாரம் அதற்குப் போகவேண்டும். விரல் நகம் கம்பியில் படுவதையும் அது கேட்கும், ஒழுங்கையில் போகும் ஓட்டோவையும் கேட்கும். டைனமிக் வகை கொஞ்சம் மந்தமானது, ஒலியளவைக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும், ஆனால் அடிபட்டாலும் தாங்கும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காது. தகரக் கூரையும் காகமும் உள்ள வீட்டில் டைனமிக்கைக் குறைவாக மதிக்கவேண்டாம். அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982 ஜனவரியில் நியூ ஜேர்சியில் வாடகை வீடொன்றின் படுக்கையறையில் இருந்து, இரண்டு ஷூர் எஸ்எம்57 டைனமிக் ஒலிவாங்கிகளையும் நான்கு தடக் கசற் இயந்திரம் ஒன்றையும் வைத்துத் தன் பாடல்களைப் பதிந்தார். குழுவோடு ஸ்ரூடியோவில் மீண்டும் செய்வதற்கான மாதிரிப் பதிவு அது. கசற்றை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் கொண்டு திரிந்தாராம். ஸ்ரூடியோவில் எவ்வளவு முயன்றும் அந்தக் கசற்றின் உணர்வு வரவில்லை. கடைசியில் கசற்றில் இருந்ததையே ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக அதே ஆண்டு வெளியிட்டார்கள்.

ஒலிவாங்கியை விட முக்கியம் அதை வைக்கும் இடம். எல்லாரும் முதலில் நடுவிலுள்ள வட்டத் துளைக்கு நேரே வைப்பார்கள், நானும் வைத்தேன். துளையிலிருந்து வருவது பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றின் கீழ்ச்சுர முழக்கம். குடத்துக்குள் பேசியதுபோல் இருக்கும். ஒருபக்கமாகக் கேட்கும் ஒலிவாங்கிகளைக் கிட்ட வைக்க வைக்கக் கீழ்ச்சுரம் தானாகவே இன்னும் பெருகும் என்பதால் இரட்டிப்புக் கேடு. கிற்றாரின் கழுத்தில் 12ஆவது ஃபிரெற் இருக்கும் இடத்துக்கு நேரே, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். முகத்தைக் கழுத்தும் உடலும் சேரும் மூலைப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். பிறகு காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, அவர் வாசிக்க வாசிக்க ஒலிவாங்கியை இரண்டு விரற்கடை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பாருங்கள். முழக்கம் கூடினால் துளையை விட்டு விலகுங்கள். மெலிந்தால் நெருங்குங்கள். இந்தப் பத்து நிமிட நகர்த்தல், பின்னர் கணினியில் இரண்டு மணித்தியாலம் இருந்து திருத்துவதைவிடப் பெரிது.

அடுத்தது அறை. எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. நான்கு பக்கமும் பூசிய சீமெந்துச் சுவர், தளபாடம் குறைவு. கைதட்டினால் டிங் என்று திரும்பி வரும். அப்பாவுக்குப் பின்னால் கொடி கட்டி அம்மாவின் பழைய சேலைகளையும் போர்வையையும் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டேன். ஒலிவாங்கி அப்பாவைப் பார்த்திருப்பதால் அவருக்குப் பின்சுவரில் பட்டு வருவதுதான் அதற்குள் நேரே நுழையும். மெத்தையைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அறைக்கு நட்டநடுவிலும் இருக்கக்கூடாது, சுவரோடு ஒட்டியும் இருக்கக்கூடாது. பிளாஸ்ரிக் கதிரை கிறீச்சிடும், எனவே கைப்பிடி இல்லாத மரக்கதிரை. சேட்டுத் தெறி கிற்றாரின் முதுகில் உரசும் என்பது எனக்குத் தெரியாது. அப்பா சேட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு இருந்தார். காத்தாடியை நிறுத்தினோம்.

காத்தாடியை நிறுத்தியும் அடியில் ‘ம்ம்ம்’ என்றொரு இரைச்சல். அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல், மடிக்கணினியின் சார்ஜர் வழியாக வந்தது. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, மின்வெட்டு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஓரிரவு பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. இன்ரஃபேஸ் மடிக்கணினியின் பற்றரியிலேயே ஓடுவதால் பதிவு நிற்கவில்லை. இரைச்சல் மட்டும் நின்றது. ஊரில் ஒரு காத்தாடியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை, தண்ணீர் மோட்டரும் இல்லை. அதன்பிறகு மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நாங்கள் பதிவுக்கு நேரம் குறித்தோம். இப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிகிறேன், இரவு பத்து மணிக்குப் பிறகு.

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாக: 24 பிற்றில் பதியுங்கள். மிகப் பலமான இடத்தில் அளவுகோல் பூச்சியத்துக்கு 10 அல்லது 12 டெசிபெல் கீழே நிற்கட்டும். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் எல்லாரும் மெதுவாக வாசிப்பார்கள், உண்மையில் வாசிக்கும்போது கை உரத்துவிடும். மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, இலவசமான ஒடாசிற்றி போதும். ஒலிவாங்கி எதுவும் இல்லையா? கைபேசியையே அதே 12ஆவது ஃபிரெற் இடத்தில், அடிப்பக்கத் துளை கிற்றாரைப் பார்க்க வையுங்கள். ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். உபகரணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்துப் பதியலாமே என்று கேட்பீர்கள். செய்தேன். ஒலி காற்றில் ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர்தான் போகும். பிக்கப்பின் சமிக்ஞை உடனே வந்துவிட, ஒரு முழம் தள்ளியிருக்கும் ஒலிவாங்கிக்கு அது ஒன்றரை மில்லிசெக்கன் அளவு பிந்தி வரும். இரண்டையும் கலந்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டு, ஓசை கோறையாகும். திரையில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, முதல் மீட்டலின் முனைகள் நேரே வரும்வரை ஒன்றை நகர்த்தவேண்டும். அதன்பிறகு ஒன்றைத் தலைகீழாக்கிப் பார்த்து, எதில் கீழ்ச்சுரம் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். எங்கள் பதிவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மடங்காத விரலால் அப்பா அழுத்தும் இடங்களில் கம்பி சற்று இரையும். பிக்கப் அதை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டியது. ஒலிவாங்கியில் அது வாசிப்போடு வாசிப்பாகக் கிடந்தது. அந்த இரைச்சலை வெட்டிச் சீராக்கலாம் என்று ஓரிரவு முழுக்க இருந்து பார்த்தேன். வெட்டியபின் மெட்டு தடுக்கியது. பழையபடி விட்டுவிட்டேன். பிக்கப்பையும் முழுதாக நிறுத்திவிட்டேன்.

ஏழாவது தடவை வாசித்ததுதான் சரியாக வந்தது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கடைசிச் சுரம் அடங்குமுன் அப்பா தலையை நிமிர்த்தி, “பதிஞ்சிட்டுதே?” என்று கேட்கிறார். முதலில் எரிச்சல் வந்தது. கடைசிச் சுரம் முழுதாக அடங்கும்வரை பேசவேண்டாம் என்று ஆறு தடவை சொல்லியிருந்தேன். மற்றப் பதிவைக் கேட்டு ஆரோ வேற ஆள் என்று சொன்ன அம்மா, அந்தக் குரலை வெட்டவேண்டாம் என்றார். வெட்டவில்லை.

மூலப் பதிவை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். 24 பிற் ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைற்றுதான். ஒரு பிரதி மடிக்கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று தங்கச்சியிடம் ரொறன்ரோவில், ஒன்று இணையச் சேமிப்பில். ஒரே வீட்டில் எல்லாப் பிரதிகளையும் வைப்பதில்லை என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கோப்போடு ஒரு சிறு குறிப்பும் சேர்த்தேன்: திகதி, இடம், வாசித்தவர், மெட்டமைத்தவர். கடைசி இடத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதியிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, பெயரில் நான் விட்டிருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னார்.