பெறுபேறும் பொதுப்பணமும்

அரசினர் செலவிடும் பணத்தால் விளைந்த பயனை எண்ணாற் கணித்து, அவ்வெண்ணுக்கேற்ப மேலும் பணம் வழங்குதல் புதியதொரு முறையென்று பலர் கருதுவர். அமெரிக்காவிலே ஊவர் ஆணைக்குழு செயலாற்றல் வரவுசெலவுத் திட்டத்தை விதந்துரைத்தது 1949ஆம் ஆண்டிலாகும். ஆயின், அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே இங்கிலாந்தின் ஆரம்ப பாடசாலைகள் இவ்வகை அளவுகோலுக்கு ஆளாயின.

கிறிமியப் போர் திறைசேரியை நெருக்கிய காலத்தை அடுத்து, 1861இல் நியூகாசில் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. பிள்ளைகள் பலர் எழுத்தையும் எண்ணையுமே செவ்வனே கல்லாது பாடசாலையை விட்டகல்கின்றனர் என அது குறைகூறிற்று. அக்குறை பொய்யன்று. கல்வி நிருவாகத்தின் பொறுப்பை வகித்த றொபேட் லோ அதற்குக் கண்ட மருந்தே 1862ஆம் ஆண்டின் திருத்திய விதிக்கோவை. கல்வி மலிவாக இராவிடிற் பயனுடையதாகும், பயனற்றதாயின் மலிவாகும் என்பது பாராளுமன்றத்தில் அவர் கூறியதன் சாரம்.

வரவுக்கெனச் சராசரி மாணவனொருவனுக்கு 4 சிலிங் கிடைத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டு, 200 தடவைக்கு மேல் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு 8 சிலிங் கிடைக்கும். ஆயின் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றனுள் ஒன்றில் வித்தியாதரிசி முன் தவறினால் 2 சிலிங் 8 பென்சு குறையும். ஏழைக் குழந்தையின் நாத்தடுமாற்றத்துக்கும் விலை குறிக்கப்பட்டது!

1861இல் ஏறக்குறைய 813,000 பவுணாக இருந்த நன்கொடை 1865இல் 637,000 பவுணாகக் குறைந்தது. மலிவு வந்துவிட்டது. பயனோ? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுருச் செய்தனர். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் பயிற்சியாற் சித்தியெய்தச் செய்யலாமென வித்தியாதரிசியாயிருந்த புலவர் மதியு ஆணல்ட் தம் அறிக்கையிற் சுட்டினார். பணம் கொணராத சரித்திரமும் பூமிசாத்திரமும் புறக்கணிக்கப்பட்டன. அவற்றை மீட்க 1867இல் வேறொரு கொடையை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. ஓர் அளவுகோல் விளைத்த கேட்டை மற்றோர் அளவுகோலால் மாற்ற முயன்றனர் போலும். ஆசிரியர்க்கு ஆலோசகராய் இருந்த வித்தியாதரிசி கணக்கப்பிள்ளை ஆனார். ஆசிரியர் பலரின் ஊதியமும் இக்கொடையைப் பொறுத்திருந்தமையால், அவர்களை மட்டும் நோதல் முறையன்று. பிள்ளைகளைச் சோதித்தது பிழையன்று. சோதனையின் முடிவையே பாடசாலையின் சீவனமாக்கியதே பிழை.

இலங்கையிலும் 1869இல் பொதுப் போதனாப் பகுதி நிறுவப்பட்டதை அடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படியே நன்கொடை வழங்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1890ஆம் ஆண்டு முதல் இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1875இல் வித்தியாதரிசியாகி, இவ்விதிகளின்படி பல்லாண்டு சோதனை நடத்திய எட்மண்ட் ஓம்சு, ஓய்வு பெற்றபின் 1911இல் வெளியிட்ட நூலில் அதனை வன்மையாகக் கண்டித்தார். விதி நீங்கிய பின்னரும் வகுப்பறையிற் பழைய பழக்கம் நீங்கவில்லை என்பதே அவர் கண்ட குறை.