தானாக விழுந்தவனுக்கு என்ன உண்டு?

1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் கம்பெனியாகப் பதிவானது. அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சாலையில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க வழிசெய்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அப்பா முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். நான் வக்கீல் குமாஸ்தாவாகி, கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்டஈட்டு மனுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்கள் வீட்டுச் சோறு இந்த இரண்டிலிருந்தும் வந்ததுதான்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? செத்தவன் குடும்பத்துக்கு 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் இருந்தது. கை கால் போனவன் சாதாரண சிவில் வழக்குப் போட வேண்டும். கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கே கடன் வாங்கியவன் ஸ்டாம்புக்கு எங்கே போவான்? 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டாய இன்சூரன்ஸ் இருந்தது. அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-இல். லாரி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். 1969 திருத்தத்தில் அது 50,000 ஆனது, 1982-இல் 1,50,000. அதற்கு மேல் ஆகிற தொகையை லாரி முதலாளியிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான். முதலாளி என்று பெயரே தவிர, பல பேரிடம் இருந்தது அந்த ஒரு லாரிதான், அதுவும் ஃபைனான்சில். 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அந்த உச்சவரம்பு ஒழிந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது டவுன்ஷிப் ரோடு சைக்கிள் ரோடு. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கியூ பாலத்துப் பக்கம் போனால் சைக்கிள் மணிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. ராஜ்தூத், புல்லட், எஸ்டி எல்லாம் அதிகாரிகளும் ஒன்றிரண்டு ஷோக்குப் பேர்வழிகளும் வைத்திருந்தவை. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது, 1984-இல் இண்ட்-சுசுகி, அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டா. வண்டி வாங்கக் கம்பெனியில் கடன் கிடைத்தது. பத்து வருடத்துக்குள் சைக்கிள் ஸ்டாண்டுகள் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுகளாகிவிட்டன. ஆர்ச் கேட்டைத் தாண்டினால் சென்னை–தஞ்சாவூர் சாலை. பண்ருட்டி முந்திரி, பலாப்பழ லோடு, சாம்பல் லாரி, தனியார் பஸ் எல்லாம் அதில்தான். டவுன்ஷிப்பின் அகலமான நேர் சாலையில் ஓட்டிப் பழகியவன், அந்தச் சாலையில் ஏறும்போது வேறு ஊருக்குள் நுழைகிறான். எங்கள் ஆபீஸுக்கு வந்த கேஸ்களில் பெரும்பாலானவை அந்தச் சாலையில் நடந்தவை.

அப்போதெல்லாம் கேஸ் தோற்பது ரோட்டில் அல்ல, காலண்டரில். 1956-இல் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியபோது மனுப்போட 60 நாள்தான் கொடுத்தார்கள். 1969-இல் ஆறு மாதம் ஆக்கினார்கள். தொடை எலும்பு முறிந்தவன் எடை கட்டிப் படுத்தே மூன்று மாதம் போய்விடும். இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போய்விடும். எலும்பு கூடிவிடும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏ.ஆர். காப்பி என்கிற விபத்துப் பதிவேட்டு நகல் இருக்காது, காயச் சான்று இருக்காது, டிஸ்சார்ஜ் சம்மரி இருக்காது. விந்தி விந்தி நடந்து கோர்ட்டுக்குள் வருகிறவனைப் பார்த்து, உனக்குக் கால் உடைந்ததற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்தரப்பு கேட்கும். அதோடு, விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப்போட வேண்டும். திண்டிவனத்தில் அடிபட்ட நெய்வேலிக்காரன் வாய்தாவுக்கு வாய்தா அங்கே போக வேண்டும்.

இந்த இரண்டு கதவுகளும் ஒரே நாளில் திறந்தன: 1994 நவம்பர் 14. அன்று அமலுக்கு வந்த திருத்தம் காலக்கெடுவையே எடுத்துவிட்டது. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம் என்றும் சொன்னது. எங்கள் ஆபீஸில் பழைய கட்டுகளைத் தூசி தட்டி எடுத்தோம்.

யார் மேல் தப்பு என்ற கேள்வியும் லேசானதல்ல. டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலையாகிவிட்டால் நஷ்டஈடும் போச்சு என்றே ஜனங்கள் நினைத்தார்கள். 1980-இல் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. தமிழ்நாட்டு பஸ் ஒன்று உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பலர் செத்துப்போன வழக்கு அது. கிரிமினல் கோர்ட்டின் விடுதலை நஷ்டஈட்டைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். 1982-இல் தப்பைப் பார்க்காமலே கொடுக்கும் தொகை வந்தது: சாவுக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் சாவுக்கு 5,000, கொடுங்காயத்துக்கு 1,000. ஆயிரம் ரூபாய்க்கு அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுங்காயத்துக்கான அந்தத் தொகை இப்போது 50,000, சாவுக்கு இரண்டு லட்சம்.

அரசு பஸ் ஒரு தனிக் கதை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸிலிருந்து விலக்கு உண்டு. தீர்ப்பானால் கழகமே கட்ட வேண்டும். கட்டாது. நிறைவேற்று மனுப்போட்டால், அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஜப்தி உத்தரவைக் கண்டக்டரிடம் காட்டி, டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும் சனங்களை இறக்கிவிட்டு வண்டியைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டி வருவார். மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். அவமானத்துக்குப் பயந்து பாதித் தொகையாவது வரும் என்பது எங்கள் தொழில் ரகசியம்.

இத்தனையும் யாரோ ஒருவர் இடித்தால். நான் கடைசிவரை பதில் சொல்லத் திணறியது வேறொரு கேள்விக்கு. வடக்குத்துப் பக்கம் ஒரு பையன், நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய் குறுக்கே வந்ததில் விழுந்து இடுப்பு போய்விட்டது. வண்டி அப்பா பெயரில், கம்பெனிக் கடனில் வாங்கியது. அவன் அம்மா கேட்டார்: “வண்டி எங்களோடது, இன்சூரன்சும் வருசம் தவறாம கட்டுறோம். அப்புறம் ஏன் சார் ஒண்ணும் இல்லங்கிறீங்க?”

கட்டுகிற பிரீமியம் ரோட்டில் போகிற அடுத்தவனுக்காக என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சட்டம் பிறந்ததே அப்படித்தான். காரில் போகிறவன் நடந்து போகிறவனை இடிப்பான் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. ஏழைதான் வண்டியில் இருப்பான், அவனே விழுவான் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2009-இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. இரவல் வாங்கிய ஹீரோ ஹோண்டாவில் போனவர் மாட்டுவண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்றது கோர்ட். அப்பா வண்டியை மகன் ஓட்டுவதும் இரவல்தான்.

பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கதி பாலிசியைப் பொறுத்தது. சட்டத்துக்காக எடுக்கும் குறைந்தபட்ச பாலிசியில் அவருக்கு இடமில்லை என்று 2006-லும் 2008-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழு பாலிசி என்றால் உண்டு என்று 2009-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது. அப்படிப்பட்ட கேஸில் மனைவி மனுதாரர், வண்டி ஓட்டிய புருஷன் முதல் எதிர்மனுதாரர். வாய்தா அன்றைக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரரே ஓட்டினால் அவருக்கென்று தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. வெகு காலம் டூவீலருக்கு அது ஒரு லட்சம், பிரீமியம் 50 ரூபாய். அதை உயர்த்தியது நம் சென்னை உயர் நீதிமன்றம். 2017 அக்டோபரில் வந்த தீர்ப்பு குறைந்தது 15 லட்சமாக ஆக்கும்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்ல, 2018 செப்டம்பரில் சுற்றறிக்கை வந்தது. பிரீமியம் 750 ஆனது. அதே ஆண்டில், கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்திருந்த பொதுநல வழக்கில், புது டூவீலருக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸைச் சேர்த்தே விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வருடாவருடம் புதுப்பிக்க மறந்து ஓடிய வண்டிகளால் வெறுங்கையோடு திரும்பியவர்களை எண்ணினால், இதுதான் பெரிய உத்தரவு என்பேன்.

ஆனால் அந்த 15 லட்சத்துக்கு ஆர்.சி. புக்கில் பெயர் இருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும், உயிரோ கையோ காலோ கண்ணோ போக வேண்டும், இல்லை நிரந்தரமாக முழு ஊனமாக வேண்டும். எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்தால் அதில் பைசா இல்லை. நியூசிலாந்தில் 1974-லிருந்து யார் தப்பு என்று கேட்காமல், தானாக விழுந்தவனுக்கும் அரசே கொடுக்கிறது. நமக்கு அதன் ஒரு துண்டு வந்திருக்கிறது: 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு யார் இடித்தது, யார் பெயரில் வண்டி என்ற கேள்வி கிடையாது. நான் பார்த்த வரையில் கேள்வி கேட்காத முதல் காசு இதுதான்.

எவ்வளவு கிடைக்கும் என்பதிலும் டவுன்ஷிப்புக்கு ஒரு பிளவு உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. கால் போனாலும் லைட் டியூட்டி கொடுப்பார்கள். வருமானம் குறையவில்லையே என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடுவார். காண்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சீட்டும் இல்லை, டியூட்டியும் இல்லை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: டாக்டர் போடுகிற ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் வந்த நஷ்டம் வேறு. இடது கை போன தச்சனுக்குப் பிழைப்பே போச்சு. அரசாங்க குமாஸ்தாவுக்கு அப்படியல்ல. முப்பது வயது, மாதம் 15,000, நஷ்டம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட நஷ்டத்தை, உச்ச நீதிமன்றம் சரளா வர்மா தீர்ப்பில் அந்த வயதுக்கு வைத்த 17-ஆல் பெருக்கினால் 9,18,000 வரும். எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 12,85,200. அதே கேஸில் ஊனத்தை மட்டும் பார்த்து, சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் போட்டு மூடிய தீர்ப்புகளையும் நகல் எடுத்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் 1 முதல் பழைய ஆறு மாதக் கெடு திரும்பி வந்துவிட்டது. 1994-இல் எதற்காக எடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. யாராவது வந்தால் இப்போதும் முதலில் தேதியைத்தான் கேட்கிறேன், பிறகு ஆர்.சி.யில் யார் பெயர் என்று.

வடக்குத்துப் பையன் மாதிரி ஆட்களுக்கு இப்போது இன்னொரு வாசல் தெரிகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கை முடித்தது. 2003-இல், விடிகாலை மூன்று மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தவர். வேலைக்குப் போகும் வழியும் வேலையோடு சேர்ந்ததுதான், நேரமும் இடமும் பொருந்தினால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்கலாம் என்றது தீர்ப்பு. 1923-இல் வந்த அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. யார் மேல் தப்பு என்று அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. அதிலும் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்றால் முதலில் இன்னாரிடம் வேலை பார்த்தேன் என்று காட்ட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது. கேட் பாஸையும் பி.எஃப். சீட்டையும் கொண்டுவரச் சொல்கிறேன், அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.