பதின்மூன்று இடங்களில் ஒரு பார்சல்

1877இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. சரக்கு வாசலுக்கு வரும். விலையைத் தபால்காரரிடம் கொடுத்தால்தான் கைமாறும். அந்தப் பணத்தை அஞ்சலகமே விற்றவருக்கு அனுப்பிவைக்கும். நாவல், பஞ்சாங்கம், லேகியம் எனச் சென்னையிலிருந்து எத்தனையோ சரக்குகள் சிற்றூர்களுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தன. முன்பின் பார்த்திராத இருவர் வியாபாரம் செய்ய முடிந்ததென்றால், இருவருமே நம்பிய தபால்காரர் நடுவில் இருந்ததுதான் காரணம்.

பதிவுத் தபாலுக்கும் அந்தக் காலத்திலேயே எண் இருந்தது. ஆனால் அது ரசீதிலும் அஞ்சலக ஏடுகளிலும் மட்டுமே கிடந்தது. தபால் வராவிட்டால் புகார் எழுதிக் கொடுத்து, ஏடுகளைப் புரட்டிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று, பெற்றவரின் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை. வழியில் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை மாற்றியதில் அமெரிக்காவின் ஃபெடரல் எக்ஸ்பிரஸுக்குப் பெரும் பங்குண்டு. 1973இல் மெம்ஃபிஸ் நகரிலிருந்து விமானத்தில் பார்சல் அனுப்பத் தொடங்கிய இந்த நிறுவனம், 1979இல் காஸ்மாஸ் என்ற கணினி அமைப்பை நிறுவியது. 1986இல் அதன் ஊழியர்கள் கைக்குப் பார்கோடு படிக்கும் கருவி வந்தது. 1994இல் வாடிக்கையாளரே இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்சலைத் தேடலாம் என்றானது.

அடுத்த ஆண்டே இபே பிறந்தது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் சாதாரண மனிதர்கள். பணம் முதலில், பொருள் பிறகு. “வரவில்லை” என்று ஒருவரும் “அனுப்பிவிட்டேன்” என்று இன்னொருவரும் சொன்னால் வழக்கை எதைக்கொண்டு தீர்ப்பது? விற்பனைப் பதிவில் ஏற்றிய டிராக்கிங் எண்தான் சாட்சியானது. எண் இல்லாத விற்பனையாளர், உண்மையாகவே அனுப்பியிருந்தாலும் பணத்தை இழக்க நேரும். கடுமையான விதிதான், ஆனால் முன்பணம் கொடுத்தவருக்கு வேறு பிடிமானம் கிடையாது.

அஞ்சல் எண்ணின் அமைப்பு அழகானது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி மொத்தம் பதின்மூன்று இடங்கள். முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேவையைக் குறிக்கும்: விரைவு அஞ்சலுக்கு இ, பதிவுத் தபாலுக்கு ஆர், பார்சலுக்கு சி என்று தொடங்கும். கடைசி இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு ஐ, என். நடுவே ஒன்பது இலக்கங்கள். அவற்றில் கடைசி இலக்கம், முந்தைய எட்டையும் காவல் காக்கிறது. அந்த எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். 47312482 என்றால் கூட்டுத்தொகை 200, மீதி 2, காவல் இலக்கம் 9. விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று எழுதுவார்கள். அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் கணக்கு அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவில் ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. 2025இல் பதிவுத் தபாலும் அதனோடு இணைந்துவிட்டது. இதற்கிடையே 2007இல் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2010இல் பொருளைப் பெற்ற பிறகு பணம் தரும் வசதியை அறிமுகப்படுத்தியது. வி.பி.பி.யின் பேரன் என்றே அதைச் சொல்லலாம். எண் இருந்தும் மக்கள் வாசலில் பணம் கொடுக்கவே விரும்பினார்கள். அதில் நியாயம் உண்டு: பார்சல் வந்து சேர்ந்ததை எண் சொல்லும், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று சொல்லாது.

ஆகவே, வீட்டிலிருந்தபடி புடவையும் ஊறுகாயும் விற்பவர்கள் பார்சலைக் கொடுத்த அன்றே எண்ணைப் பதிவேற்றுங்கள், வாங்கியவருக்கும் அனுப்புங்கள். பொருளைப் பெட்டியில் வைக்கும்போதே ஒரு படம் எடுத்து, அஞ்சலக ரசீதோடு சேர்த்து வையுங்கள்.